முன்னச்சு மாமனாருக்கு, பின்னச்சு பெரியாப்பாவுக்கு

பத்தமடையில் முஆத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். நான் சொல்ல மாட்டேன். அவனுடைய ஜீப்புக்கு வந்த முன்னச்சை, அதாவது முன்சக்கரங்களைத் தாங்கும் இரும்பு அச்சை, ஏற்றி இறக்கி, மறுபடி ஏற்றி மறுபடி இறக்கி, என் இடுப்பு பிடித்துக்கொண்டது. தங்கமான மனுஷனால் வந்த இடுப்பு வலிக்குத் தைலம் ஏதாவது உண்டா என்று இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான் மாரிராஜ். குட்டியானை என்று எல்லோரும் சொல்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். முஆத்தும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள். பள்ளிக்கூடத்தில் கபடிக்கு இரண்டு பக்கம் பிரித்தால் இரண்டு பக்கமும் அவனைக் கூப்பிடும். நல்ல ஆட்டக்காரன். இரண்டு பக்கத்துக்கும் "ஆகட்டும்" என்பான். ஆட்டத்தன்று காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொள்வான். ஒருத்தன் முகம் சுளிப்பதைப் பார்ப்பதைவிடக் காய்ச்சல் மேல் என்பது அவன் எண்ணம். நாற்பது வயதாகியும் அந்தக் காய்ச்சல் அவனை விடவில்லை.

அவனுக்குச் சவூதியில் தம்மாம் என்ற ஊரில் பெரிய பெரிய வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் பல வருஷமாக வேலை. அந்த விஷயத்தில் நான் குறை சொல்ல முடியாது. வண்டிக்கு அடியில் படுத்தால் அவன் வேறு ஆள். "இது தேறாது, கழத்திப் போடு" என்று இரும்பின் முகத்துக்கு நேரே சொல்வான். எழுந்து நின்று மனுஷ முகத்தைப் பார்த்துவிட்டால் போச்சு. உடனே "ஆகட்டும்" வந்துவிடும்.

அவனை அப்படி ஆக்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவனுடைய பெரியாப்பா உதுமான் பாய். தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டதால் தூக்கி வளர்த்தவர் அவர்தான். இன்னொருவர் மாமனார் கனி பாய். பெண்ணும் கொடுத்தார், சவூதிக்கு விசாவும் எடுத்துக் கொடுத்தார். இருவருக்கும் தொழில் ஒன்றே, பழைய வண்டிகளை உடைத்துப் பாகம் விற்பது. உதுமான் பாய்க்குத் தச்சநல்லூரில் கடை, கனி பாய்க்கு மேலப்பாளையத்தில் கடை. நடுவில் தாமிரபரணி ஓடுவதால்தான் இரண்டு பேரும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று நான் நினைப்பதுண்டு.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். நல்ல காரியம் எதுவானாலும் இரண்டு பக்கமும் கை வைத்தாக வேண்டும். தகப்பன் வழிக்கு ஒன்று கொடுத்தால் பெண் எடுத்த வழிக்கும் ஒன்று. ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால், அடுத்த பெருநாளுக்கு யாராவது ஒருவர் படியேற மாட்டார். முஆத் வீடு கட்டியபோது வாசல் நிலைக்கு மரம் பெரியாப்பா அனுப்பினார், கதவுக்கு மரம் மாமனார் அனுப்பினார். நிலை ஒரு மரம், கதவு ஒரு மரம். மழைக்காலம் வந்தால் கதவு உப்பிக்கொண்டு நிலைக்குள் வராது. ஐப்பசி, கார்த்திகை முழுக்க அந்த வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத்தான் போய் வர வேண்டும். பெண் குழந்தை பிறந்தபோதும் இதே கதைதான். பக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: வீட்டில் பாத்து, பள்ளிக்கூடத்தில் முஃபீதா. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும் என்று அந்தப் பிள்ளை கொஞ்ச நாள் திணறியது.

போன வருஷம் அவன் விடுமுறையில் வந்தபோது அவன் மனைவி ஷம்ஸியா ஒரு தீர்மானத்தோடு இருந்தாள். நான் ஒரு மூட்டை சிமெண்ட் இறக்கப் போயிருந்தேன். என்னையும் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"மாரியண்ணே, நீங்களே கேளுங்க. ஒங்க வாப்பா எங்கன்னு நம்ம பாத்துகிட்ட யாராவது கேட்டா, இவ போன எடுத்துக் காட்டுதா. வாப்பான்னா போனுக்குள்ள இருக்கதுன்னு நெனச்சிட்டிருக்கா. இதுக்கு மேல இவங்கள நான் அனுப்ப மாட்டேன்."

முஆத் தலையைக் குனிந்துகொண்டு, "ஆகட்டும்" என்றான். இந்த ஒரு தடவை அந்தச் சொல்லை நானும் நம்பினேன்.

வழியும் கிடைத்தது. களக்காட்டுக்கு மேற்கே மலையடியில் பெருமாள்ராஜுக்கு வாழைத்தோட்டம். ஏத்தன் என்கிற நேந்திர வாழை. தோட்டம் சரிவில் இருக்கிறது. கீழே சாலைக்கு வருவதற்குள் ஓர் ஓடை, ஓடைக்கு மேலே சேறு, சேற்றுக்கு மேலே வெறும் பாறை. டிராக்டர் அந்த வளைவில் திரும்பாது. தார்களை ஆட்கள் தலையில்தான் சுமந்து இறக்குவார்கள். மழை வந்துவிட்டால் அதுவும் நடக்காது. நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் ஒன்று இருந்தால் வருஷம் முழுக்க உனக்கே வேலை தருகிறேன் என்று முஆத்திடம் சொல்லியிருந்தார். பக்கத்துத் தோட்டக்காரர்களும் தயாராக இருந்தார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஜீப்பை மேலே ஏற்றிக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் முஆத் தம்மாமுக்கு டாட்டா காட்டிவிடலாம். காட்டாவிட்டால் ஐப்பசி முடிவதற்குள் விமானம் ஏற வேண்டும். தாண்டினால் விசா போய்விடும்.

அரசு அலுவலகம் ஒன்றில் கழித்து ஏலம் விட்ட பழைய ஜீப் ஒன்றை எடுத்தான். இன்ஜின் கல்லு மாதிரி இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. கியர் பாக்ஸ், நாலு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்பர் பெட்டி, முன்னச்சு, பின்னச்சு எல்லாவற்றையும் எந்தப் புண்ணியவானோ முன்பே கழற்றி விற்றுவிட்டான். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, செங்கல் அடுக்கி அதன்மேல் ஜீப்பை நிறுத்தினான்.

பாகம் தேடி நாங்கள் தென்காசிக்குப் போனோம். அங்கே ஒரு வியாபாரியிடம் விபத்தில் மேல்பாகம் நசுங்கிய ஜீப் ஒன்று கிடந்தது. அடிப்பாகம் முழுசாக இருந்தது. முஆத் அதற்கு அடியில் நுழைந்து, சக்கரத்தில் ஒரு சாக்குக்கட்டிக் கோடு, தண்டில் ஒரு கோடு போட்டுக் கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். வெளியே வரும்போது முகமெல்லாம் கிரீஸ், பல்லெல்லாம் சிரிப்பு.

"மாரி, முன்னச்சும் பின்னச்சும் ஒரே பல்லு. ஒரே வண்டியில பொறந்தது. இதத்தாம்லே நான் தேடிட்டிருந்தேன்."

வியாபாரியிடம் "ஆகட்டும், நாளைக்கு வண்டி வரும்" என்றான். திரும்பும் வழியில் பாவூர்சத்திரம் தாண்டுவதற்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் போன் வந்துவிட்டது. யார் சொன்னார்களோ தெரியாது. பழைய இரும்பு வியாபாரத்தில் செய்தி இரும்பைவிட வேகமாக விலைபோகும்.

மறுநாள் காலையில் உதுமான் பாய் நேரில் வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"ஏலே முஆத்து, பெரியாப்பா கடையில ஆக்ஸில் இல்லன்னா தென்காசிக்குப் போனே? ஊர்ல என்ன கேக்கான் தெரியுமா? ஒம்ம பிள்ளையே ஒம்மகிட்ட வாங்கலையாமேங்கான்."

"இல்ல பெரியாப்பா, சும்மா பாக்கத்தான்…"

"பின்னச்சும் டிரான்ஸ்பர் பெட்டியும் எடுத்து வச்சிருக்கேன். மாரியை அனுப்பு."

"ஆகட்டும் பெரியாப்பா."

அவர் போன சூடு ஆறுவதற்குள் கனி பாய் வந்தார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தச்சநல்லூர்ல வாங்குதீயளாமே மாப்ள. நல்லது. வளத்தவரு. நாங்க பொண்ணு குடுத்தவங்கதான. எங்க இரும்பு துருப்பிடிச்சிரும்லா."

இப்படிப் பேசுகிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. திட்டுகிறவனையாவது திருப்பித் திட்டலாம். முஆத் அதற்கும் தலையாட்டினான். கியர் பாக்ஸும் முன்னச்சும் மாமா கடையில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். பந்தியில் கறித்துண்டு பங்கு வைப்பது மாதிரி ஜீப்பின் வயிற்றைப் பங்கு வைத்தார்கள். முன்னால் மேலப்பாளையம், பின்னால் தச்சநல்லூர்.

தென்காசி வியாபாரிக்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போனை எடுக்காமல் விட்டான். அந்த மனுஷன் என் நம்பரைத் தேடிப் பிடித்து என் பரம்பரையையே வாழ்த்தினார். காய்ச்சல் யாருக்கு, கஷாயம் யாருக்குப் பாருங்கள்.

இரண்டு கடையிலிருந்தும் எல்லாவற்றையும் நான்தான் கொண்டுவந்து இறக்கினேன். அன்று சாயங்காலமே முஆத் சாக்குக்கட்டியை எடுத்தான். முன்னச்சைச் சுற்றினான். பின்னச்சைச் சுற்றினான். மறுபடியும் முன்னச்சுக்கு வந்தான். பிறகு ஒரு செங்கல்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"சேராது மாரி."

"என்ன சேராது?"

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அச்சின் நடுவில் இருக்கிற குடத்துக்குள் இரண்டு பல்சக்கரங்கள். தண்டு எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று வரும் என்பதை அவைதான் முடிவு செய்யும். கனி பாய் கொடுத்த அச்சில் அது ஒரு கணக்கு, உதுமான் பாய் கொடுத்ததில் வேறு கணக்கு. சாலையில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும்போது ஒன்றும் தெரியாது. நாலு சக்கரத்தையும் இழுக்கவிட்டால் முன்சக்கரம் வேகமாகப் போகப் பார்க்கும், பின்சக்கரம் மெதுவாகப் போகப் பார்க்கும். சேறென்றால் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். பாறையில் வழுக்க இடமில்லை. இரண்டும் ஒன்றையொன்று முறுக்கி, எது பலவீனமோ அது உடையும்.

"அப்பம் ஒண்ணத் திருப்பிக் குடுவே."

முஆத் என்னைப் பார்த்தான். "யாரோடத?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. யாருடையதாவது. அவனிடம்தான் இல்லை. ஓர் அச்சைப் பிரித்து உள்ளே பல்லை மட்டும் மாற்றிவிடலாமே என்று கேட்டேன். கனி பாய் தன் அச்சை இதுவரை ஒருவரும் பிரித்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லி, கையாலேயே கறுப்புச் சாயம் அடித்து அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் ஜும்மா முடிந்ததும் வந்து அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். உதுமான் பாயோ, தன் பின்னச்சில் யாராவது ஸ்பானர் வைத்தால் தன் வார்த்தையில் வைத்த மாதிரி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"மேல ஏறும்போது சேத்துல மட்டும் நாலு சக்கரம் போடுதேன். பாறையில எடுத்துருதேன். பைய ஓட்டுனா ஏறிரும்" என்றான் முஆத்.

"ஏறாதுன்னு நீதானவே இப்பம் சொன்னே?"

"பாப்போம்."

இரும்பைப் பற்றி அவ்வளவு தெரிந்தவன், தெரிந்துகொண்டே அதைச் செய்தான். தெரியாதவன் செய்திருந்தால் பாவம் என்றிருப்பேன்.

அவனுக்கு வராத தைரியம் ஷம்ஸியாவுக்கு வந்தது. அவன் லேத்துப் பட்டறைக்குப் போயிருந்த நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டாள். முன்னச்சைக் காட்டி, "இத எங்க வாப்பா கடையில எறக்கணும். நானும் வாரேன்" என்றாள்.

"ஒங்க வாப்பாவோடத ஏன் தாயி? முஆத்து பெரியாப்பா பக்கத்த அனுப்பேன்."

"அவங்க பக்கத்த அனுப்புனா மருமக பிரிச்சிட்டாம்பாங்க. எங்க வாப்பா என்னத்தான் ஏசுவாங்க. ஏசிட்டுப் போறாங்க."

மேலப்பாளையத்தில் கனி பாய் கடை வாசலில் அச்சை இறக்கியபோது அக்கம்பக்கக் கடைக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவர் வெளியே வந்தார்.

"மாப்ள சொன்னாரா?"

"நான் சொல்லுதேன் வாப்பா. பின்னச்சோட இது சேராது. இது வேண்டாம்."

"அவரு குடுத்தது சேரும், நான் குடுத்தது சேராதாக்கும்?"

"நீங்க எனக்கு வாப்பா. அதனாலதான் ஒங்ககிட்ட வந்தேன்" என்றாள். நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கனி பாய் உள்ளே போய் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எனக்கு அவள்மேல் பெரிய மரியாதை வந்தது. கழுத்துவரை சேற்றில் நின்றவனைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

பொழுது சாயவில்லை, முஆத்திடமிருந்து போன்.

"மாரி, வண்டிய எடுத்துட்டு வா. மேலப்பாளையம் போவணும்."

போனோம். கடை வாசலில் நின்று, கையைப் பிசைந்துகொண்டு அவன் சொன்னதை என் காதால் கேட்டேன். "அவ தெரியாமப் பண்ணிட்டா மாமா. பொம்பளைக்கு என்ன தெரியும். மனசுல வச்சுக்காதீங்க."

தெரியாமல் பண்ணிவிட்டாளாம். தெரிந்து பண்ணியவள் அவள் ஒருத்திதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த அச்சை அவன் காலிலேயே போட்டிருப்பேன். போடவில்லை. ஏற்றிக்கொண்டு வந்தேன். என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துத் திட்டிக்கொள்ளுங்கள். ஷம்ஸியா பின்வாசலில் நின்று நான் அதை இறக்குவதைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சோறு வடித்தாள்.

ஐப்பசி பிறந்து இரண்டு மூன்று நாளில் ஜீப்பைக் களக்காட்டுக்குக் கொண்டுபோனோம். தங்கள் இரும்பு மலையேறுவதைப் பார்க்க இரண்டு பெரியவர்களும் வந்திருந்தார்கள். முன் இருக்கையில் யார் உட்காருவது என்று ஒரு சிக்கல். முஆத் இரண்டு பேரையும் என் வண்டியில் ஏற்றிவிட்டான். பக்கத்தில் இருவரும் நெருக்கி உட்கார்ந்ததில் நான் கியர் போடக்கூடக் கையை நீட்ட முடியாமல் ஓட்டினேன்.

பெருமாள்ராஜ் தோட்டத்து ஆட்களோடு ஓடைக்கரையில் காத்திருந்தார். மழை முந்தின நாளே ஒரு பாட்டம் பெய்திருந்தது. ஜீப் ஓடையைத் தாண்டியது. நாலு சக்கரமும் இழுக்க, சேற்றை வாரி இறைத்துக்கொண்டு யானைக்குட்டி மாதிரி ஏறியது. "என் பின்னச்சு தள்ளுது பாரும்" என்றார் உதுமான் பாய். "முன்னச்சு இழுக்கதால போவுது" என்றார் கனி பாய். நானே ஒரு நிமிஷம் ஏமாந்தேன். ஏறிவிடும்போல இருந்தது. ஷம்ஸியாவுக்குப் போன் போடலாமா என்றுகூடப் பையில் கைவிட்டேன்.

சேறு முடிந்து பாறை தொடங்குகிற இடத்தில் சரிவு அதிகம். அங்கே முன்சக்கரத்தை விடுவித்தால் பின்சக்கரம் மட்டும் ஏற்றாது. விடுவிக்காவிட்டால் முறுக்கும். முஆத்துக்கு இரண்டும் தெரியும். விடுவிக்கவில்லை. ஸ்டியரிங் இறுகுவது கீழிருந்தே தெரிந்தது. உடம்பை வளைத்து இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினான். அப்புறம் மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். டிரான்ஸ்பர் பெட்டி பிளந்து, பாறையில் எண்ணெய் கறுப்பாக ஒழுகியது. ஜீப் பின்னால் நழுவி ஒரு கல்லில் முட்டி நின்றது.

பெரியவர்கள் இரண்டு பேரும் மூச்சு வாங்க மேலே ஏறிப் போனார்கள். அவனுக்கு அடிபட்டதா என்று கேட்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"முன்னச்சு புடிச்சிட்டுது. அதான் ஒடஞ்சிட்டு" என்றார் உதுமான் பாய்.

"ஒடஞ்சது யாரு குடுத்த பெட்டின்னு பாரும் மொதல்ல."

முஆத் ஜீப்பிலிருந்து இறங்கினான். இப்போதாவது சொல்வான் என்று நான் காத்திருந்தேன். பெருமாள்ராஜும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரு சாமான்லயும் கொறையில்ல. கிளட்ச நான்தான் சரியா விடல" என்றான்.

பெரியவர்கள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பெருமாள்ராஜ் விவரமானவர். அவனைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னார்: "இந்த வெட்டு ஆளுவள வச்சு எறக்கிக்கிடுதேன். கார்த்திகைக் கடைசியில அடுத்த வெட்டு. அதுக்குள்ள சரியான சாமானாப் போட்டு வாரும். ஒமக்காக வச்சிருக்கேன்."

"ஆகட்டும்" என்றான்.

இரண்டு நாள் கழித்து, உடைந்த பெட்டியை எடுத்துப்போக நான் கொட்டகைக்குப் போனேன். உள்ளே ஷம்ஸியா பேசுவது கேட்டது. கத்தவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக வைத்தாள்.

"கார்த்திகை வரைக்கும்தான கேக்காரு. இருங்க. விசா போனாப் போவட்டும். முன்னச்ச நான் திரும்பக் குடுக்கேன். எங்க வாப்பா என் மூஞ்சில முழிக்காண்டாம், எனக்குப் பரவால்ல. நீங்க இருங்க."

பிறகு முஆத்தின் குரல்.

"மேனேஜர் போன் பண்ணிட்டாரு. வாரேன்னு சொல்லிட்டேன். இருக்க முடியாது ஷம்ஸியா. முடியாது."

ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்து அவன் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. பெரியாப்பாவிடம் வராத சொல், மாமனாரிடம் வராத சொல், முகம் தெரியாத தென்காசிக்காரனிடம்கூட வராத சொல், அவளிடம் மட்டும் எவ்வளவு லேசாக வந்துவிட்டது. தங்கமான மனுஷனாம்.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வாடகைக் கார். ஓட்டியது நான். முன்னால் கனி பாய், பின்னால் உதுமான் பாயும் முஆத்தும், மிச்சமெல்லாம் பெட்டிகள். ஷம்ஸியாவுக்கும் பாத்துவுக்கும் இடமில்லை. அவர்கள் பின்வாசலில் நின்று கையசைத்தார்கள், முன்கதவு உப்பிக்கொண்டிருந்ததால்.

விமான நிலையத்தில் பெட்டியை நிறுத்துப் பார்த்தால் எடை கூடிவிட்டது. ஏதாவது ஒன்றை எடுக்க வேண்டும். பெரியாப்பா வீட்டு அல்வாப் பொட்டலம் இருந்தது. மாமனார் வீட்டுப் பொரித்த கருவாட்டு டப்பா இருந்தது. இருவரும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முஆத் அடியில் கைவிட்டு, துணியில் சுற்றியிருந்த ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து என்னிடம் நீட்டினான். ஷம்ஸியா செய்து வைத்த மாசி மீன் தூள்.

"வீட்ல குடுத்துரு மாரி. அவ ஒண்ணும் நெனைக்க மாட்டா."

நான் அதை வாங்கிக்கொண்டேன். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை, நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

ஊர் வந்து சேர்ந்து பாத்திரத்தைக் கொடுத்தேன். ஷம்ஸியா துணியைப் பிரித்து, மூடியைத் திறந்து பார்த்து, மறுபடி மூடினாள். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். வாப்பா போயாச்சா என்று பாத்து என்னிடம் கேட்டது. போயாச்சு என்றேன். பிள்ளை உள்ளே போய்ப் போனைச் சார்ஜில் போட்டது.

"மாரியண்ணே, காலையில வண்டி ஒழியுமா?" என்றாள் ஷம்ஸியா. "முன்னச்ச எங்க வாப்பா கடையில எறக்கணும். பின்னச்சத் தச்சநல்லூர்ல எறக்கணும். ஒரே நாள்ல எறக்கணும். ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்லா."

சிரிக்காமல் சொன்னாள். காலையில் லேத்துப் பட்டறைப் பையன் ஒருவனை வைத்து அச்சுகளைக் கழற்றி இரண்டையும் ஏற்றினேன். என் இடுப்பு முனகியது, நான் முனகவில்லை. மேலப்பாளையத்தில் ஒன்று, பாலம் தாண்டித் தச்சநல்லூரில் ஒன்று. இரண்டு கடையிலும் அவளே இறங்கி நின்று, "இது எங்களுக்கு வேண்டாம்" என்றாள். உதுமான் பாய், முஆத்தை வளர்த்த கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அவள் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பெருமாள்ராஜுக்கு முஆத் போய்விட்ட செய்தியை யாரும் சொல்லவில்லை. நான்தான் போன் போட்டுச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் தம்மாமிலிருந்து முஆத் கூப்பிட்டான். இரண்டு பெரியவர்களும் ஒருவர் பின் ஒருவராக அவனைப் பிடித்திருக்கிறார்கள்.

"மாரி, ரெண்டையும் ஏத்திக் கொண்டாந்து கொட்டகையிலயே போட்டுரு. அவங்களுக்கு ரொம்பச் சங்கடமா இருக்காம். நான் ஆகட்டும்னு சொல்லிட்டேன்."

"முடியாதுவே" என்றேன்.

லைன் அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"என்ன சொன்னே?" என்றான்.

இன்னொரு தடவை சொன்னேன்.